தோள் உயரத்துத் தேயிலை

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிசியோதெரபிஸ்ட் பிள்ளைகள் படிப்பதற்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று என்னைக் கேட்டார்கள். கூன் போட்டு நிற்பதைத் திருத்துவது எப்படி, தோள் வலியைக் குறைப்பது எப்படி என்று விஷயத்தையும் அவர்களே சொல்லிவிட்டார்கள். ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருப்பவளுக்கு இது பொழுதுபோக்காக இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். சரி, எழுதுகிறேன். அவர்கள் எதிர்பார்க்கிற மாதிரி இருக்காது, அவ்வளவுதான்.

முறைகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். தாடையைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு தோள்பட்டைகளையும் பின்னால் சேர்த்துப் பிடித்து, மெதுவாக விடச் சொல்லுங்கள். ஒரு கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கிற கையைத் தொங்கவிட்டு ஆட்டச் சொல்லுங்கள். சுவரில் விரல்களை மேல் நோக்கி ஊர வைத்து, வலி தொடங்குவதற்குச் சற்று முன்பே நிறுத்தச் சொல்லுங்கள். வலிக்கிற பக்கம் சரிந்து படுக்கக் கூடாது. மல்லாந்து படுத்தால் கைக்கு அடியில் ஒரு துணியை மடித்து வைத்துக்கொள்ளலாம். எல்லாம் நல்ல முறைகள்தான், ஒழுங்காகச் செய்தால் பலன் உண்டு. பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள், இதையெல்லாம் என்னைவிட அழகாகச் சொல்வீர்கள்.

நான் எழுத நினைத்தது செல்வராணியைப் பற்றி.

நான் பலாங்கொடை பஜாரில் கடை வைத்திருந்தவரின் மகள். வேலை பார்த்தது அந்த மாவட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றில், பேர் வேண்டாம். எங்கள் பிசியோதெரபிப் பகுதியில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான். அதனால் தோட்டத்திலிருந்து வருகிற பெண்களையெல்லாம் விசாரிக்காமலே என் பக்கம் தள்ளிவிடுவார்கள். எங்கள் பகுதிக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். கெட்டவர் இல்லை, களைத்துப்போனவர். நோயாளிகளின் வரிசை வாசலைத் தாண்டி நீளும்போது எங்களைப் பார்த்துச் சிங்களத்தில் சொல்வார்: "ஒத்தடம் வை, தாளைக் கொடு, அடுத்த ஆளைக் கூப்பிடு." அந்தத் தாளில் பயிற்சிகள் படம் போட்டிருக்கும், எழுத்து சிங்களத்தில் இருக்கும். சுவரில் பெரிய படம் ஒன்றும் தொங்கியது. டை கட்டிய ஒரு மனிதர் கம்ப்யூட்டர் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் சரி என்று குறி போட்டிருக்கும். அதே மனிதர் கூன் போட்டிருக்கும் படத்துக்குக் குறுக்கே சிவப்புக் கோடு.

செல்வராணி முதல் நாள் வந்து உட்கார்ந்ததும் அந்தப் படத்தைத்தான் பார்த்தாள்.

"இந்த ஐயாவுக்கு என்னா நோவு மிஸ்?"

"கூன் போட்டு உட்கார்ந்தா தோள் வலிக்கும்னு சொல்றதுக்குப் போட்டிருக்கு."

"நமக்கு உக்கார எங்க நேரம்?" என்று சிரித்தாள்.

ஐம்பதை நெருங்கிய பெண், குட்டையான உருவம். பலாங்கொடைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். நடுவில் சில வருடம் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் வந்திருக்கிறாள். திரும்பி வந்தபோது தோட்டத்தில் அவள் பேர் வெட்டப்பட்டிருந்தது. அதற்குப் பிறகு கைக்காசு ஆள். அதாவது பேர் பதிந்தவர்களுக்கு வேலை கொடுத்து மிச்சம் இருந்தால் இவளுக்கும் உண்டு, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு இதை அவள் ஒரு பேச்சாகச் சொன்னாள், நானும் ஒரு பேச்சாகக் கேட்டுக்கொண்டேன்.

வலது கை தோள் உயரத்துக்கு மேலே எழும்பவில்லை. பின்பக்கமும் போகவில்லை.

"மருமகதான் தலை சீவி கொண்டை போட்டு விடுறா. ஜாக்கெட்டுக்கு கை நொழைக்கவும் அவதான். நல்ல புள்ள, ஒன்னும் சொல்ல மாட்டா. எனக்குத்தான் கூச்சமா இருக்கு மிஸ். எப்படியாச்சும் இந்தக் கைய மேல தூக்க வச்சிருங்க, வேற ஒன்னும் வேணாம்."

நான் பயிற்சிகளைச் சொல்லிக் கொடுத்தேன். தாளைக் கொடுக்கவில்லை, கூடவே நின்று செய்து காட்டினேன். இப்படி ஒரு நோயாளி உங்களுக்குக் கிடைத்தால் கொண்டாடுங்கள். சொன்னதை அப்படியே செய்தாள். லயத்து வீட்டுச் சுவரில் கரித்துண்டால் கோடு போட்டு, விரல் எதுவரைக்கும் ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மாரியம்மன் திருவிழாவுக்குத் தோட்டத்தில் லீவு விட்டிருந்த நாட்களில் கை நன்றாகவே எழும்பியது. எனக்கு ஒரே சந்தோஷம். மறுபடி வேலைக்குப் போனாள், கை பழைய இடத்துக்கே வந்து நின்றது. இன்னும் கொஞ்சம் ஊரினாள், இன்னும் கொஞ்சம் இறங்கியது. மூத்தவரிடம் சொன்னேன். "அவங்க வீட்டுல செய்யுறது இல்ல, சும்மா செய்யுறதா சொல்வாங்க" என்றார். நோயாளி பொய் சொல்கிறாள் என்பது நம் தொழிலில் எப்போதும் கைவசம் இருக்கிற விளக்கம். தயவுசெய்து அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு அதே தோட்டத்திலிருந்து இன்னும் பெண்கள் வரத் தொடங்கினார்கள். எல்லாருக்கும் தோள். சிலருக்கு இரண்டு தோளும். வரிசையாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பார்த்தேன், ஒருத்தியின் கால்கூட ஒழுங்காகத் தரையில் படவில்லை. அத்தனை பேரும் குட்டையான பெண்கள். அந்தத் தோட்டத்தில் நெட்டைப் பெண்களே இல்லையா, இல்லை அவர்களுக்குத் தோள்தான் இல்லையா என்று எனக்குள் ஒரு குடைச்சல். செல்வராணியைக் கேட்டேன்.

"நெட்டச்சிகளுக்கு என்னா மிஸ், அவளுக பாட்டுக்கு பறிச்சிக்கிட்டு போறாளுக. எங்களுக்குத்தான் கொழுந்து கண்ணுக்கு நேரா நிக்குது."

அப்போதும் எனக்கு முழுதாக விளங்கவில்லை. நான் தேயிலையைக் கடையில் பொட்டலமாகப் பார்த்து வளர்ந்தவள்.

இந்த நேரத்தில்தான் தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓர் அழைப்பு வந்தது. ஆட்கள் அடிக்கடி தோள் வலி என்று நின்றுவிடுகிறார்கள், யாராவது வந்து சரியாக நிற்பது எப்படி என்று ஒரு வகுப்பு எடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். தமிழ் தெரிந்தவள் என்று என்னை அனுப்பினார்கள். புறப்படும்போது மூத்தவர் கூப்பிட்டுச் சொன்னார்: "அங்க போய் டீ குடி, பயிற்சி காட்டு, போட்டோ எடுப்பாங்க நில்லு, வா. வேற எதுக்கும் வாயைத் திறக்காத."

காலை வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் கொட்டகை போட்டு, பேனர் கட்டியிருந்தார்கள். பேனரில் இருந்தது யார் தெரியுமா? அதே டை கட்டிய மனிதர், அதே கம்ப்யூட்டர். தோட்டத்து மேனேஜரான பெரிய தொரை நல்ல மரியாதையான மனிதர். சிங்களத்தில்தான் பேசினார். "மிஸ், இவங்க எல்லாம் கூன் போட்டு நிக்கிறாங்க, முதுகை ஒரு பக்கம் சாய்க்கிறாங்க. அதுதான் காரணம். எப்படி நிக்கணும்னு நல்லா மண்டையில ஏறுற மாதிரி சொல்லிக் குடுங்க" என்றார்.

"அவங்க வேலை செய்யுற இடத்தை முதல்ல பார்க்கலாமா?" என்று கேட்டேன்.

அவருக்கு அது பிடிக்கவில்லை என்றாலும் மறுக்கவும் முடியவில்லை. உதவி மேனேஜரான சின்னத்தொரையையும், மலையில் வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளையையும் கூட்டி அனுப்பினார். மலைக்கு ஏறினோம். தோட்டத்தில் மலை என்றால் தேயிலை நிற்கிற துண்டு என்று அர்த்தம்.

பெண்கள் ஆளுக்கொரு வரிசையாக நிரை பிடித்துப் பறித்துக்கொண்டிருந்தார்கள். ஆளைக் காணோம், தலைதான் தெரிந்தது. தேயிலை இடுப்பு உயரத்தில் இருக்கும் என்றுதான் படங்களில் பார்த்திருக்கிறேன். அங்கே அது செல்வராணியின் தோளுக்கு மேலே நின்றது. இடது முழங்கையைக் காது வரைக்கும் தூக்கி, வலது கையை எழும்பிய மட்டும் நீட்டி, நுனிக்காலில் நின்று, எட்டிப் பறித்தாள். தலையில் மாட்டிய கயிற்றில் கூடை முதுகில் தொங்கியது. கூடை தலையைப் பின்னால் இழுக்கிறது, கை முன்னால் மேலே போகிறது. தாடையை உள்ளே இழு என்று இவளுக்கா நான் சொல்லிக் கொடுத்தேன் என்று நினைத்தபோது ஆத்திரம் வந்தது.

உங்களுக்குத் தெரியும். கையைத் தோளுக்கு மேலே தூக்கும்போதெல்லாம் தசைநார் எலும்புக்கு அடியில் உரசுகிறது. உரசினால் வீங்கும், வீங்கினால் இன்னும் உரசும். காலையிலிருந்து மாலை வரை உரசுகிற ஒன்றை வீட்டுக்குப் போய்ச் சுவரில் விரலை ஊர வைத்து எப்படி ஆற்றுவது? நானும் ஒரு நிரைக்குள் இறங்கி நின்று பறித்துப் பார்த்தேன். நான் அவ்வளவு குட்டை இல்லை. ஒரு பாட்டு முடிகிற நேரத்துக்குள் தோள் எரியத் தொடங்கிவிட்டது.

"சரிவுல மேல் பக்கம் நின்னு பறிச்சா செடி தாழ்வா இருக்குமே?" என்று செல்வராணியைக் கேட்டேன்.

"நெரைய நம்ம இஷ்டத்துக்கு புடிக்க ஏலாதுங்களே. கணக்கப்புள்ள ஐயா எங்க விடுறாரோ அங்கதான்."

கணக்கப்பிள்ளையிடம் திரும்பினேன். "இது ஏன் இவ்வளவு உயரம்?"

அவர் சின்னத்தொரையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "கவ்வாத்து வெட்ட வேண்டிய மலைங்க இது. காலம் தாண்டிருச்சு. இப்ப கொழுந்து நல்லா வருது பாருங்க, வெட்டிட்டா கொஞ்ச மாசத்துக்கு ஒன்னும் வராது. அதான் தள்ளிக்கிட்டே போறாங்க." கவ்வாத்து என்பது தேயிலையைத் தாழ வெட்டி விடுவது. சில வருடங்களுக்கு ஒரு தடவை வெட்டினால் செடி மறுபடி இடுப்பு உயரத்திலிருந்து தளிர்க்கும். வெட்டாமல் விட்டால் ஏறிக்கொண்டே போகும்.

பெண்களையும் கீழே கூப்பிட்டார்கள். களத்தில் எல்லாரும் கூடியிருந்தார்கள், போட்டோ எடுக்க ஒரு பையன் தயாராக நின்றான். பெரிய தொரை ஒலிவாங்கியை என் கையில் கொடுத்தார். அந்த இடத்தில் யோசிக்க ஒருவருக்கும் நேரம் தர மாட்டார்கள். பயிற்சியைக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். அதற்குப் பிறகு அந்தப் பெண்களுக்கு வலித்தால் அது அவர்கள் கூன் போட்டதால் என்று ஆகிவிடும், அதற்கு என் பேரும் சாட்சி. அது என்னால் முடியவில்லை.

இரண்டு மொழியிலும் சொன்னேன். இவர்கள் நிற்பதில் ஒரு குறையும் இல்லை, தேயிலை நிற்பதில்தான் குறை. கவ்வாத்து வெட்டினால் பாதி வலி போகும். அதுவரை உயரமான நிரைகளுக்கு உயரமான ஆட்களை விடுங்கள், மற்றவர்களைச் சரிவுக்கு மேல் பக்கம் நிறுத்துங்கள், நிரை முடிந்ததும் கூடையை இறக்கி வைத்துக் கையைத் தொங்கவிட நேரம் கொடுங்கள்.

நான் பெண்களின் முகத்தைப் பார்த்தேன். நம்மைப் பற்றி ஒருத்தி பேசிவிட்டாளே என்று அவர்கள் சந்தோஷப்படுவார்கள் என்றுதான் நினைத்தேன். எல்லார் முகத்திலும் பயம்.

முன்வரிசையில் ஒருத்தி எழுந்தாள். "கவ்வாத்து வெட்டிட்டா நாங்க எங்க மிஸ் போய் கொழுந்து எடுக்குறது? எத்தன நாளைக்கு சும்மா இருக்குறது? நீங்க சொல்லிட்டு பஸ் ஏறி போயிருவீங்க."

பெரிய தொரை மெல்லச் சிரித்தார். "அப்ப யாருக்கு தோள் வலி? வலிக்கிற ஆள் கையைத் தூக்குங்க" என்று உடைந்த தமிழில் கேட்டார். ஒருத்தரும் தூக்கவில்லை. அவர் கூட்டத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுச் செல்வராணியிடம் வந்து நின்றார். அவள் ஆஸ்பத்திரிக்கு வந்து போவது அவருக்குத் தெரிந்திருந்தது.

"உனக்கு?"

"எனக்கு ஒன்னும் இல்லீங்க தொரை. நல்லா போச்சு."

சொன்னது போதாதென்று கையையும் தூக்கிக் காட்டினாள். என் அறையில் மாதக்கணக்காக எழும்பாத கை உச்சி வரைக்கும் போனது. அது எப்படிப் போனது என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். உடம்பை இடது பக்கம் சாய்த்து, முதுகை வளைத்து, தோளைக் காதோடு ஒட்டவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினாள். நெற்றியில் வேர்வை. உதட்டில் சிரிப்பு இருந்தது. பார்த்தவர்களுக்குக் கை மேலே நிற்பது மட்டும்தான் தெரிந்தது.

"பார்த்தீங்களா மிஸ், நீங்க நல்லா வைத்தியம் பார்த்திருக்கீங்க" என்றார் தொரை. கொட்டகை முழுக்கச் சிரித்தது.

இப்போது நான் என்ன செய்ய வேண்டும்? இவள் பொய் சொல்கிறாள், இந்தக் கை எழும்பாது என்று சொன்னால் என் வாதம் ஜெயிக்கும். அடுத்த நாள் காலை அந்தக் களத்தில் அவளுக்கு வேலை இருக்காது. எழும்பாத கையோடு ஒரு கைக்காசு ஆளை எந்தத் தோட்டம் வைத்துக்கொள்ளும்? நான் அவளைப் பார்த்தேன். கையை இறக்காமலே அவளும் என்னைப் பார்த்தாள். சொல்லிவிடாதே என்று கண் கெஞ்சியது.

"கையை இறக்கும்மா, போதும்" என்றேன். அதற்குமேல் அவளைப் பற்றிப் பேசவில்லை. கவ்வாத்தைப் பற்றிச் சொன்னதை மட்டும் திரும்பச் சொன்னேன், அதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு தோள்பட்டைகளைப் பின்னால் சேர்ப்பது எப்படி என்று செய்து காட்டினேன். எல்லாரும் செய்தார்கள். போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோ ஆஸ்பத்திரி அறிவிப்புப் பலகையில் நெடுநாள் இருந்தது. தோட்டத்து வேலையில் நான் மூக்கை நுழைத்தேன் என்று மேலிடத்தில் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். மூத்தவர் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

நான் அன்று சொன்னது சரி. இன்றைக்கும் சரிதான், ஒரு வார்த்தையையும் வாபஸ் வாங்க மாட்டேன். ஆனால் சரியான வைத்தியத்தை நோயாளியே எதிர்த்து நிற்கிற இடம் ஒன்று இருக்கிறது, அதை எந்தப் பாடத்திலும் சொல்லிக் கொடுக்க மாட்டார்கள். அவளுக்கு அறிவு போதவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் வைத்தியத்தால் அவள் வீட்டில் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. முதலில் அதைக் கேளுங்கள். கேட்டபிறகும் உங்களிடம் பதில் இருக்காது. இருந்தாலும் கேளுங்கள்.

செல்வராணி அதற்குப் பிறகு கிளினிக்குக்கு வரவில்லை. நல்லாப் போச்சு என்று ஊரைக் கூட்டிச் சொல்லியாயிற்று, இனி எந்த முகத்தோடு பஸ் ஏறி வருவாள்? அவளோடு வந்தவர்களும் ஒருவர் பின் ஒருவராக நின்றுவிட்டார்கள். எங்கள் பகுதியில் வரிசை குறைந்தது, தோட்டத்தில் எடுத்த வகுப்பு நல்ல பலன் கொடுத்திருக்கிறது என்று ஒரு கூட்டத்தில் பாராட்டினார்கள். நான் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து வெளியே போகவில்லை.

அடுத்த வருடம் கவ்வாத்து வெட்டினார்கள். என் பேச்சைக் கேட்டு இல்லை. செடி கிழடு தட்டிவிட்டது, கொழுந்து முற்றிவிட்டது, இனியும் விட்டால் தேயிலை தாங்காது என்று யாரோ பெரியவர் வந்து பார்த்துச் சொல்லியிருக்கிறார். பெண்களின் தோள் சொன்னபோது கேட்காதவர்கள் செடி சொன்னதும் கேட்டுக்கொண்டார்கள். தள்ளிப்போட்டு வைத்திருந்த மலைகள் எல்லாவற்றையும் சேர்த்து வெட்டினார்கள். கொழுந்து இல்லை. பேர் பதிந்தவர்களுக்கே வாரத்தில் பாதி நாள்தான் வேலை என்று கேள்விப்பட்டேன்.

அதற்குச் சில மாதம் கழித்து, வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் பலாங்கொடை பஸ் நிலையத்தில் யாரோ "மிஸ்" என்று கூப்பிட்டார்கள். செல்வராணி. கையில் ஒரு பை. சற்று மெலிந்திருந்தாள்.

"கை எப்படி இருக்கு?" என்றுதான் நான் முதலில் கேட்டேன். நம் தொழில் புத்தி.

"பாருங்க மிஸ்" என்று பையைக் கீழே வைத்தாள். வலது கையைத் தூக்கினாள். உடம்பு சாயவில்லை, தோள் காதுக்கு வரவில்லை, மூச்சைப் பிடிக்கவில்லை. கை நேராக உச்சிக்குப் போய் நின்றது. பிறகு பின்னால் கொண்டுபோய் முதுகைத் தொட்டுக் காட்டினாள். ஒரு சுருக்கமும் முகத்தில் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"எப்படி இப்படி நல்லாச்சு?"

"வேல நிப்பாட்டிட்டாங்க மிஸ். கைக்காசு ஆளு ஒருத்தரும் வேணாமாம். வீட்டுல சும்மா இருந்தேன், நீங்க சொன்ன மாதிரி செவத்துல கை ஊரிக்கிட்டே இருந்தேன். அது பாட்டுக்கு நல்லாயிருச்சு."

அவளே தொடர்ந்தாள். கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு ஆள் தேடுகிறார்களாம். எல்லாம் பேசி முடிந்துவிட்டது. ஆனால் தோள் நோவோடு ஆஸ்பத்திரிக்கு அலைந்தவள் என்று யாரோ அந்த வீட்டம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். அந்த அம்மா யோசிக்கிறாராம்.

"மாடி வீடு மிஸ். ஜன்னல் தொடைக்கணும், மொட்ட மாடியில கொடி கட்டி துணி காயப் போடணும். கையி நல்லா தூக்க ஏலும்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா எடுத்துக்குவாங்க. டாக்குத்தரு சொன்னா நம்புவாங்கல்ல."

அந்த அம்மாவின் எண்ணைத் தன் போனில் காட்டினாள். பஸ்களின் இரைச்சலுக்கு ஒதுங்கி, ஒரு கடை ஓரமாக நின்று அந்த வீட்டம்மாவோடு பேசினேன். கை தோளுக்கு மேலே போகுமா, கனமான வாளி தூக்குவாளா, மறுபடி வலி வராதா என்று அந்த அம்மா கேட்டார். கை முழுசாக எழும்புகிறது, நானே இப்போது பார்த்தேன் என்றேன். மறுபடி வருமா என்ற கேள்விக்கு மட்டும் வாய் கொஞ்சம் தயங்கியது. செல்வராணி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வராது" என்றேன்.